தொட்டி நிறைய நத்தை: அசாசினை விடலாமா, வேறு வழி பார்க்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி ராத்திரி பதினொரு மணிக்குப் படம் அனுப்பினார். தொட்டி விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டு எடுத்த படம். கண்ணாடி முழுக்கக் கூம்பு கூம்பாக நத்தை. "அண்ணே, பகல்ல ஒண்ணுகூடக் கண்ணுல படாது, எங்கருந்து வருதுன்னே தெரியல. கடையில பத்து அசாசின் விடுன்னு சொல்றாங்க, விடட்டுமா?" அசாசின் என்பது மற்ற நத்தைகளைத் தின்னும் ஒரு நத்தை. அடுத்த வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அக்கா இதையே கேட்டார். அதற்கடுத்து வில்லியனூரில் தெரிந்த ஒருவர். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூன்று தொட்டியிலும் இருந்தது மூன்று வேறு நத்தை, அதனால் நான் சொன்ன பதிலும் மூன்று விதம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலித்துவிட்டது, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

## முதலில் நாலு கேள்வி

அசாசினா, மீனா, மருந்தா என்று பார்ப்பதற்கு முன்னால் நாலு விஷயம் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி, வந்திருப்பது எந்த நத்தை. நம் பக்கம் தொட்டிகளில் பெரும்பாலும் மூன்று வகைதான். ஐஸ்கிரீம் கோன் மாதிரி நீளக் கூம்பாக, பகலில் மணலுக்குள் புதைந்து இரவில் கிளம்புவது ட்ரம்பெட் நத்தை. இது முட்டை போடாது, குட்டி போடும், அதற்குப் பெரும்பாலும் ஆணும் தேவையில்லை, பெண் ஒன்று உள்ளே வந்தால் போதும். ஆட்டுக்கொம்பு மாதிரித் தட்டையாகச் சுருண்டிருப்பது ராம்ஸ்ஹார்ன். சின்னதாக, பளபளப்பாக, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சுற்றுவது பிளாடர் நத்தை. அதன் கூர்முனையை மேலே வைத்து வாயை உங்கள் பக்கம் திருப்பினால் வாய் இடப்பக்கம் இருக்கும். ராம்ஸ்ஹார்ன், பிளாடர் இரண்டும் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் உள்ளவை, ஜெல்லி போன்ற முட்டைக் கொத்தைச் செடியிலும் கண்ணாடியிலும் ஒட்டிவைக்கும்.

இரண்டாவது, தொட்டியில் வேறு யார் இருக்கிறார்கள். செர்ரி இறால் இருக்கிறதா, காசு கொடுத்து வாங்கிய நெரைட்டோ மிஸ்டரி நத்தையோ இருக்கிறதா, வாலை விசிறிக்கொண்டு திரியும் கப்பி மீன் இருக்கிறதா.

மூன்றாவது, எத்தனை நாள் பொறுப்பீர்கள்.

நாலாவது கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்: நத்தையெல்லாம் தீர்ந்தபிறகு, அதைத் தின்ன நீங்கள் கூட்டிவந்த ஆளுக்கு யார் சோறு போடுவது?

| வழி | எந்த நத்தைக்கு | எவ்வளவு நாள் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| தீனியைக் குறைத்து, இலை போட்டுப் பிடிப்பது | மூன்றுக்கும் | 3 முதல் 6 வாரம் | உங்கள் பொறுமை |
| அசாசின் நத்தை | ட்ரம்பெட், ராம்ஸ்ஹார்ன். பிளாடருக்குச் சுமார் | 2 முதல் 4 மாதம் | வளர்ப்பு நத்தைகளையும் தின்னும், அதுவும் பெருகும் |
| நத்தை தின்னும் மீன் (லோச், பஃபர்) | ராம்ஸ்ஹார்ன், பிளாடர் | சில நாள், சில வாரம் | பெரிய தொட்டி, தனித் தீனி, இறால் போய்விடும் |
| செம்பு மருந்து | மூன்றுக்கும், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து | 2, 3 நாள் | தொட்டியே |

## தீனியைக் குறைப்பது

நத்தை எதையாவது தின்றுதான் பெருகுகிறது. அது வானத்திலிருந்து விழவில்லை, நீங்கள் போடும் மிச்சத் தீனியில் இருந்து வருகிறது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும், "நான் கொஞ்சமாத்தான் போடுறேன்" என்பார்கள். அப்படியென்றால் சோதித்துப் பாருங்கள்: மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள், வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாதீர்கள். ஆரோக்கியமான மீன் ஒரு நாள் பட்டினியில் சாகாது.

கூடவே இலை வைத்துப் பிடிப்பது. முட்டைக்கோஸ் இலை ஒன்றைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஸ்பூனில் நூலால் கட்டி, விளக்கணைத்தபிறகு தொட்டியில் மூழ்கவிடுங்கள். வெள்ளரித் துண்டும் சரிதான். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெதுவாகத் தூக்கினால் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். காலைவரை விட்டுவிடாதீர்கள், இலை கூழாகித் தண்ணீரைக் கெடுக்கும், நத்தையும் வயிறு நிறையத் தின்றுவிட்டு இறங்கிப் போயிருக்கும். என் 2 அடி தொட்டியில் முதல் ராத்திரி 140 எண்ணினேன் (எண்ணியதற்கு வீட்டில் கிண்டல்), மூன்றாவது வாரத்தில் ஒரு இலைக்கு 20 வந்தாலே பெரிய விஷயமாக இருந்தது.

பிடித்ததைச் சாக்கடையிலோ, ஊசுடு ஏரியிலோ, கெடிலம் ஆற்றிலோ கொட்டாதீர்கள். ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் குப்பையில் போடலாம், இல்லையென்றால் பஃபர் வளர்ப்பவர் யாரையாவது தேடுங்கள், ஆசையாக வாங்கிக்கொள்வார்.

இது யாருக்கு ஒத்துவரும்? அவசரமில்லாதவர்களுக்கும், நெரைட் மாதிரி வேண்டிய நத்தை வைத்திருப்பவர்களுக்கும். ஒத்துவராத இடம், மணல் ஆழமாக இருந்து ட்ரம்பெட் குடியேறிவிட்ட தொட்டி. மேலே எடுக்க எடுக்கக் கீழே குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

## அசாசின் நத்தை

இதன் அறிவியல் பெயர் அனென்டோம் ஹெலினா, பழைய ஆட்கள் கிளியா ஹெலினா என்பார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா பக்கத்து நன்னீர் நத்தை. மஞ்சளும் பழுப்புமாக வரிவரியாக, தேனீயைச் சுருட்டிக் கூம்பாக்கியது மாதிரி இருக்கும், இரண்டு மூன்று செ.மீ. தாண்டாது. பகலில் மணலுக்குள் புதைந்து, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயால் தண்ணீரை இழுத்து வாசனை பிடிக்கிறது.

வேட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி செல்போன் டார்ச்சோடு உட்காருங்கள். முதல் தடவை நான் பார்த்தபோது, அசாசின் ஒன்று மணலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது, கடலை அளவு ராம்ஸ்ஹார்ன் ஒன்றின் பின்னாலேயே அவசரமே இல்லாமல் நகர்ந்தது, காலால் அதன்மேல் ஏறிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. ஏதோ கூடிக் குலாவுகிறது என்று நினைத்து நான் படுக்கப் போய்விட்டேன். காலையில் ஓடு காலி. ஓட்டின் வாய்வழியாக நீளமான மூக்கு ஒன்றை உள்ளே விட்டுச் சதையை அப்படியே தின்றுவிடுகிறது. ஓட்டை உடைப்பதில்லை, அதனால் மாதக் கடைசியில் மணல்மேல் காலி ஓடுகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்க வேண்டியதும் உங்கள் வேலைதான். ஓடு என்பது சுண்ணாம்பு, ஆனால் அதைப் பொறுக்கி எறிந்தாலும் நம் ஊர்த் தண்ணீரில் நத்தைகளுக்குச் சுண்ணாம்பு குறையாது, போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கடினத் தண்ணீரில் அசாசினின் ஓடும் நன்றாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்களுக்குத்தான் ஓடு அரிக்கும் பிரச்சினை.

இப்போது கணக்கு. ஒரு அசாசின் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு நத்தை தின்னும், அவ்வளவுதான். ஐந்து விட்டால் நாளைக்கு மூன்றோ நாலோ போகும். ஒரு ராம்ஸ்ஹார்ன் ஒரே முட்டைக் கொத்தில் பத்து இருபது வைக்கிறது. நீங்கள் தீனியைப் பழையபடி கொட்டிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு என்றைக்கும் நேராகாது, ஐம்பது அசாசின் விட்டாலும். அதனால்தான் அசாசினை விடுவதற்கு முன்னால் மூன்று வாரம் இலை போட்டுக் கூட்டத்தைக் குறைத்துவிடுங்கள் என்கிறேன். 70 லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு தாராளம். பத்து என்று சொன்ன கடைக்காரர் கணிதத்தில் தப்பு செய்யவில்லை, வியாபாரத்தில் சரியாகச் செய்திருக்கிறார்.

ட்ரம்பெட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மணலுக்குள் புகுந்து தேடுகிற ஆள் இதுதான், மீன் அந்த ஆழத்துக்குப் போகாது. பெரிய ட்ரம்பெட் கதவு மாதிரி மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ளும், தப்பியும் விடும், ஆனால் குட்டிகள் மாட்டுகின்றன, அடுத்த தலைமுறை வராமலே போகிறது. பிளாடர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிளாடரை அசாசின் தொட்டதும் அது ஓட்டை இப்படியும் அப்படியும் உதறி விடுவித்துக்கொண்டு, நேராக நீர்மட்டத்துக்கு ஓடிவிடும், சில சமயம் தண்ணீருக்கு வெளியேகூட ஏறி உட்காரும். அசாசின் தரையில் வாழ்கிற ஜீவன், மேலே ஏறத் தெரியும், ஆனால் விரும்பாது.

முட்டைக் கொத்தை இது அனேகமாகத் தொடுவதில்லை. செர்ரி இறால்? நல்ல நிலையில் இருக்கும் பெரிய இறாலைப் பிடிக்க இதற்கு வேகம் போதாது. சட்டை உரித்துச் சோர்ந்து கிடப்பதையும் செத்துக்கொண்டிருப்பதையும் தின்னும். என் தொட்டியில் இறால் கூட்டம் குறையவில்லை.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். நெரைட்டும் மிஸ்டரியும் இதற்கு நத்தைதான், நீங்கள் ஆசையாக வாங்கியது என்று அதற்குத் தெரியாது. மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தரையில் இது சரியாக இருக்காது. பிறகு மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு உள்ள மருந்தைத் தொட முடியாது. அப்புறம் இதுவும் பெருகும். இதில் ஆண் வேறு பெண் வேறு, வெளியே பார்த்து அடையாளம் காண முடியாது, ஐந்தாறு வாங்கினால் இரண்டும் கலந்தே வரும். சதுரத் தலையணை மாதிரிக் கண்ணாடிப் பை ஒன்று, அதற்குள் ஒரே ஒரு முட்டை, அப்படிக் கல்லிலும் கட்டையிலும் வரிசையாக ஒட்டிவைக்கும். பொரிந்த குஞ்சு மாதக்கணக்கில் மணலை விட்டு வெளியே தலைகாட்டாது. அதனால் ட்ரம்பெட் மாதிரித் தொல்லை ஆகாது, ஆனால் ஒரு வருடத்தில் ஐந்து இருபதாகலாம். இருபதாவது எங்கே போகும் என்பதை இப்போதே யோசித்துவையுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கே பட்டுத்தான் தெரிந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் மணலுக்குள் இருக்க வேண்டிய ஐந்து அசாசினும் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே பிளாடர் நத்தைகள் ஜாலியாகத் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தன. காரணம் எளிது: பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற வகை, அசாசின் செவுளால் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிற வகை. தொட்டியில் காற்று குறைந்தால் முதலில் திணறுவது போலீஸ்காரர், திருடன் இல்லை. இரண்டு அசாசின் அந்த முறை செத்தன. அதற்கப்புறம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கடலோரத்தில் இருந்துகொண்டு அசாசின் வாங்குபவர்கள் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எந்தக் காரணத்துக்கும் இதை ஏரி, குளத்தில் விடாதீர்கள். நத்தையைத் தின்ன நத்தையை அவிழ்த்துவிட்ட கதை ஒன்று உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சுக் கொடியின் கீழேதான் அதுவும் நடந்தது: பிரெஞ்சு பாலினேசியாவில், ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1974-ல் தஹிதியிலும் 1977-ல் மூரியாவிலும் ரோஸி ஓநாய் நத்தை என்ற தரை நத்தையை விட்டார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு அந்தத் தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா மர நத்தைகளைத் தின்றது, பல இனங்கள் காட்டிலிருந்தே அழிந்தன. நம் தொட்டி அசாசின் தண்ணீர் நத்தை, இனம் வேறு, ஆனாலும் நம் குளத்து நத்தைகள் அதற்கு என்ன பாவம் செய்தன.

## நத்தை தின்னும் மீன்

லோச்சும் பஃபரும் வேகத்தில் அசாசினைத் தோற்கடிக்கும், அதில் சந்தேகமில்லை. சிக்கல், மீன் என்பது கருவி இல்லை.

கடையில் விரல் நீளத்தில் கிடைக்கும் ஆரஞ்சு, கறுப்பு வரி போட்ட குளோன் லோச்சைப் பார்த்து மயங்காதவர் இல்லை. சுமத்ரா, போர்னியோ ஆற்று மீன். ஒரு அடி வரை வளரும், கூட்டமாகத்தான் நிம்மதியாக இருக்கும், இருபது வருடம்கூட வாழும். ஐந்து லோச்சை 2 அடி தொட்டியில் நத்தைக்காகப் போடுவது, எலி பிடிக்க வீட்டுக்குள் புலி வளர்ப்பது. யோயோ லோச் கொஞ்சம் சின்னது, ஆனாலும் 2 அடி தொட்டி மீன் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஜீப்ரா லோச் அளவில் ஒத்துவரும், ஆனால் அது இயற்கையில் அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று பட்டியலில் இருக்கிறது, நத்தைக்காக அதை வாங்க எனக்கு மனம் வராது.

குட்டிப் பஃபர் கேரளத்து, கர்நாடகத்து ஆறுகளின் மீன், இரண்டரை செ.மீ.தான், முழியை உருட்டி உருட்டிப் பார்க்கும் அழகுக்கே வாங்கத் தோன்றும். ராம்ஸ்ஹார்னையும் பிளாடரையும் துவம்சம் செய்யும், ட்ரம்பெட்டின் கெட்டி ஓட்டை மட்டும் அதனால் கடிக்க முடியாது. ஆனால் கப்பியின் வாலையும் சேர்த்தே கடிக்கும். குச்சித் தீனியை ஏறெடுத்தும் பார்க்காது, உறைந்த புழுவோ உயிருள்ள தீனியோ வேண்டும். லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் நத்தைத் தொல்லைக்குத்தான் பஃபர் வாங்கினார். மூன்று வாரத்தில் நத்தை தீர்ந்துவிட்டது. இப்போது மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டப் ஒன்றில் கீரைத்தண்டு போட்டு ராம்ஸ்ஹார்ன் வளர்க்கிறார், பஃபருக்காக. பஃபர் வளர்க்கும் ஆசை முன்பே இருந்தவர்களுக்கு மட்டும் இந்த வழி. இறால் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

## மருந்து

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் கொடுத்த நீல நிற மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டேன். புட்டியில் செம்பு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது, படிக்கவில்லை. இரண்டாம் நாள் நத்தை எல்லாம் அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்து, திறந்தால் மீன் அங்காடி வாடை. இறால் ஒன்றும் மிஞ்சவில்லை. டெட்ரா மீன்கள் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான்: நூற்றுக்கணக்கான நத்தை ஒரே நேரத்தில் செத்து அழுகினால் அவ்வளவு அமோனியாவை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவால் சமாளிக்க முடியாது. நம் ஊரில் இது இரட்டிப்பு ஆபத்து. தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். ஒரு புள்ளி ஏறினாலே அமோனியாவில் மீனைக் கொல்கிற வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும். நம் கடினமான போர் தண்ணீரும் மே மாதத்துத் தொட்டிச் சூடும் சேர்ந்தால் வேறு விஷமே வேண்டாம். ட்ரம்பெட் மணலுக்குள்ளேயே சாகும், அதைக் கையால் எடுக்கவும் முடியாது. இதில் செம்பு மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும், அடுத்து இறால் விடுவதற்குள் நீங்கள் மணலையே மாற்ற நேரலாம்.

நாய்க்கும் ஆட்டுக்கும் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலை இறால் வளர்ப்பவர்கள் சிலர் பயன்படுத்துகிறார்கள். இறாலுக்குச் செம்பு அளவு மோசமில்லை, ஆனால் நெரைட்டுக்கு ஆகாது, நத்தை மொத்தமாகச் செத்தால் அமோனியா கதை அப்படியே.

மருந்து சரியாக வருகிற இடம் ஒன்று உண்டு, அது தொட்டிக்கு வெளியே. புதுச் செடி வாங்கினால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைக் கரைத்த வாளியில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துவிட்டுப் பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். முட்டைக் கொத்து ஊறலில் தப்பினாலும் அதற்குள் பொரிந்து கண்ணில் படும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மூடிய கப்பில் வரும் டிஷ்யூ கல்ச்சர் செடியென்றால் இந்தப் பாடே இல்லை, விலைதான் கொஞ்சம் கூட.

## மூன்று பேருக்கும் சொன்னது

லாஸ்பேட்டை அக்கா தொட்டியில் ராம்ஸ்ஹார்னும் செர்ரி இறாலும், கூடவே இரண்டு நெரைட். நெரைட் இருப்பதால் அசாசின் வேண்டாம், இலை போடுங்கள் என்றேன். பிடிக்கிற ராம்ஸ்ஹார்னை அதே பேட்டையில் இருக்கும் பஃபர்காரருக்கு அனுப்புகிறார், அவர் மொட்டைமாடி டப்புக்கு இப்போது கொஞ்சம் ஓய்வு.

வில்லியனூர் வீட்டில் பிளாடர். கேட்டுப் பார்த்ததில் காலையில் அப்பா ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையன் ஒரு தடவை, தூங்கப்போகும் முன் பாட்டி ஒரு தடவை தீனி போடுவது தெரிந்தது. தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டதாம். பாட்டிக்கு என்மேல் வருத்தம்.

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு ட்ரம்பெட், நெரைட் எதுவும் இல்லை, அடியில் நல்ல மணல். மூன்று வாரம் இலை, அப்புறம் ஐந்து அசாசின் என்றேன். பதிலே வரவில்லை. நேற்று ஒரு படம் வந்தது, மணலில் பத்து மஞ்சள் வரி. "ஆஃபர்ல கிடைச்சுது அண்ணே, அஞ்சு உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா?" என் தொட்டியில் அதற்குப் போட இப்போது நத்தை இல்லை.